மூடிப் பதிவேடு

நான் மூடிகளை எண்ணுகிறவள்.
பொதுப்பணித் துறை, கழிவுநீர்ப் பிரிவு,
இரண்டாம் மாடியில் மின்விசிறிக்கு நேர் கீழே.
பழைய மூடிகள் போட்டோவில் விழவில்லை,
எழுத்து அவ்வளவு தேய்மானம்.
செய்தித்தாளை விரித்து
நீல மெழுகுக்கட்டியால் தேய்த்தெடுத்தேன்,
விடிகாலை ஐந்தரை, சுப்ரேன் வீதி, முட்டி போட்டு.
நடைக்கு வந்த சொல்தா ஒருவர்
ஏதாவது தொலைந்துவிட்டதா என்றார்.
ஆமாம் முசியே, ஒரு வருஷம்.

பத்தொன்பது தெரிகிறது, அப்புறம் வழவழப்பு.
விளிம்பில் பிரான்சில் ஏதோ ஊர்,
பாதிப் பெயரைச் சைக்கிள்கள் கொண்டுபோய்விட்டன.
எண்பத்து மூன்று கிலோ.
கப்பலில் வந்து, படகுக்கு மாறி,
வாய்க்காலுக்குக் கிழக்கே படுத்துக்கொண்டது.
மேற்கே எத்தனை மூடி இருந்தது என்று
எந்தத் தாளிலும் இல்லை.

கார்த்திகை அடைமழையில் அது காணாமல் போனது.
குழியில் யாரோ வேப்பங்கிளை நட்டு
சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள்.
காவல் நிலையத்தில் அடையாளம் கேட்டார்கள்.
நீலத்தாளை நீட்டினேன்.
"இது பேப்பரும்மா" என்றார் ஏட்டு,
வடை மடித்த காகிதத்தைப் பார்க்கிற கண்ணால்.

தட்டாஞ்சாவடிக்குப் பின்னால் லூர்தம்மாள் பவுண்டரி.
அன்றைக்குப் பன்னிரண்டு புது மூடி ஏற்க வேண்டும்.
நிறுப்பேன். சுத்தியலால் தட்டிக் கேட்பேன்.
நல்ல வார்ப்பு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்கும்,
விரிசல் விழுந்தது
ஒரே சொல்லில் முடித்துக்கொள்ளும்.
உலைப் பக்கம் பழைய இரும்பு:
தையல் மிஷின் கால், பஸ் பிரேக் டிரம், அடிபம்பின் கழுத்து,
அதனடியில்
சம்மட்டி பட்டு நாலாய்ப் போனதில் ஒரு கால்வட்டம்.
தாளை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது.

மீதி மூன்று?
"நேத்து ஊத்துனதுல போச்சும்மா."
எந்த மூடியில்?
மண் இடித்துக்கொண்டிருந்த இருசப்பன்
பன்னிரண்டையும் ஒரு தடவை பார்த்தார்,
இட்லியில் எந்த உளுந்து என்று கேட்டுவிட்டதைப் போல.
"இரும்புக்கு ஏதும்மா மொகம். மொகமெல்லாம் மண்ணுல."

முதலாளி மிக்கேல்தாஸ் டீ வரவழைத்தார்.
ரசீது இருக்கிறது என்றார், எடைக்கு வாங்கியது,
கிலோ முப்பத்தாறு.
எங்களுக்குக் கொடுப்பது நூற்றுப் பத்து.
டீ நன்றாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

ஏழாவது மூடியில்
நகராட்சியின் ந திரும்பி நின்றது.
அச்சிலிருந்து அலுமினிய எழுத்து கழன்று விழ,
பசை தடவி முதுகுப் பக்கம் ஒட்டிவிட்டான் புதுப் பையன்.
விதிப்படி திருப்பி அனுப்பணும்.
மறுபடி சம்மட்டி, மறுபடி உலை.
அறுபத்து நாலு கிலோ, ஒலி சுத்தம்.
கையெழுத்துப் போட்டேன்.
அடுத்த தடவை ஏட்டு அடையாளம் கேட்டால்
சொல்ல ஒன்று இருக்கட்டும்.

இப்போது முத்தியால்பேட்டையில் கிடக்கிறது அது,
ஜெராக்ஸ் கடைக்கு எதிரே.
டெம்போ ஏறினால் ஒரு டொங்.
இறங்கினால் இன்னொன்று, கொஞ்சம் தாழ்ந்து.

வியாழக்கிழமை அந்த வழியாக வந்தபோது திறந்திருந்தது.
இப்போதெல்லாம் இயந்திரம்தான் இறங்குகிறது
என்று ஆண்டறிக்கையில் தட்டச்சு செய்தவள் நான்.
மூடியைச் சாய்த்துப் பிடித்தபடி
ஒருவர் குழிக்குள் குனிந்து கூப்பிட்டார்:
அங்காளா.
அங்காளா.

இயந்திரத்துக்கு யாரும் பேர் வைப்பதில்லை.

மூன்றாம் தடவைக்குத்தான் பதில் வந்தது,
கீழேயிருந்து, ஒரு இருமல்.
பதிவேட்டைத் திறந்தேன்.
எடை, வட்டம், வருஷம், இருக்கிறது, இல்லை.
அதற்குள் எங்கே எழுதுவது என்று
பேனாவைத் திறந்தபடி நின்றிருந்தேன்,
பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கும்வரை.